கவுளிக் கொட்டகையில் வேலுமணி கதை

பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, அந்த ஊரின் பெயரை வாயால் சொல்லாமலே இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தினாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். சென்னியம்மாள் நடத்தினாள். அவள் புருஷன் பெயர் வேலுமணி. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த வீட்டில் ஊட்டி வளர்த்த பயம். மற்றப் பெண்கள் பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள். இவள் ஒரு படி மேலே போய், பெயரை இரண்டாகப் பிளந்து இரண்டு பாதியையும் ஒதுக்கி வைத்துவிட்டாள். வேலூர் 'நம்மூர்' ஆயிற்று. வேலையைச் சோலி என்று சொல்லிவிடலாம், எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். மணிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மணியகாரர் 'வரி வாங்கறவிய' ஆனார். கோயில் மணி 'டங்குடங்கு' ஆயிற்று. மணி என்ன என்று கேட்க வேண்டுமானால் வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றப்பட்ட ஆயுசுக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்றால், ஊரில் அவரைப் பொராணக்காரர் என்பார்கள். ஐந்தாவது வரை படித்தவர். காவிரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் அவர்தான் புராணம் வாசிப்பார். குரல் நல்ல கணீர்க் குரல். ஆனால் கோயிலில் செலவழித்த குரலில் மிச்சம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். 'சோறு', 'தண்ணி', 'சரி' இந்த மூன்று வார்த்தையில் அவர் குடும்பம் நடந்தது. கெட்ட மனிதரில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை, கை நீட்டியதில்லை. ஒரே மகளை எருமப்பட்டியில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார். பொண்டாட்டியோடு சேர்ந்து சிரித்ததில்லை, அவ்வளவுதான். அது ஒரு குறை என்று அவருக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

அந்தப் புத்தகத்தை அவர் தெரிந்து வாங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு பத்திரம் பதிய நாமக்கல் போயிருந்தார். திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போது, கோணி விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவனிடம் 'வேலுமணி விலாசம்' என்று ஒன்று இருந்தது. அட்டையில் வேல் படம். முருகனுடைய பெருமையைச் சொல்லும் புத்தகம் என்று நினைத்துக்கொண்டார்; அது தன் பெயரிலேயே இருக்கிறதே என்று கொஞ்சம் பூரிப்பும் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து விளக்குக்கு எதிரே வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அது வேல் இல்லை, மடக்கி வைத்த குடை.

கதையும் குடைக் கதைதான். சென்னப்பட்டணத்தில் வேலுமணி என்று ஒரு வாலிபன். ரயிலில் கமலவேணி என்ற டாக்டர் மகளின் குடையை மாற்றி எடுத்து வந்துவிடுகிறான். திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போகிறான். போகும்போதெல்லாம் குடையை மட்டும் மறந்துவிட்டுப் போகிறான். 'அடடா, நாளைக்குக் கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு மறுநாள் மறுபடியும் வெறுங்கையோடு போய் நிற்கிறான். அப்பன்காரனுக்குக் காது மந்தம். ஏழாம் தடவை அவன் சந்தேகப்படவே, பையன் புதுச் சமையல்காரன் என்று சொல்லிக் கரண்டியும் கையுமாக அந்த வீட்டிலேயே புகுந்துவிடுகிறான்.

பொராணக்காரருக்கு இது வேப்பங்காயாக இருந்தது. வேலை வெட்டி இல்லாத பயல், பொய்க்கு மேல் பொய் சொல்லிப் பெண்ணைச் சுற்றுகிறான். இதை ஒருவன் எழுதி, இன்னொருவன் அச்சடித்து, மூன்றாமவன் கோணியில் வைத்து விற்கிறானே என்று எரிச்சல்பட்டார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகம். வெளியே அடைமழை, ஆற்றில் வெள்ளம், கொடிக்காலில் கால் வைக்க முடியாது. பகல் சாப்பாடு முடிந்ததும் சென்னியம்மாள் எதிரே உட்கார்ந்து, "ஏனுங்க, அந்தச் சாமி பொஸ்தகத்தை எனக்குங் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சாமி புத்தகம் இல்லை என்று சொல்லத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. படிக்க ஆரம்பித்தார்.

புராணம் வாசிக்கிற அதே குரலில், அதே இழுப்போடு, 'அப்பொழுது வேலுமணியானவன் மீண்டும் குடையை மறந்தான்' என்று அவர் படித்தார். சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானை போதாமல் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும் என்பது, கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து அவருக்குத் தெரிந்தது. சட்டென்று புத்தகத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னவோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அந்த ஐப்பசியில் தினம் ஒரு அத்தியாயமாகப் பதினைந்து அத்தியாயம் படித்தார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் ஓடிவந்து உட்காருவாள். ஒரு நாள் மழை விட்டு வெயில் அடித்தபோது, "இன்னைக்கும் பேஞ்சா என்ன கெட்டுப்போச்சு இந்த மானத்துக்கு" என்று அலுத்துக்கொண்டாள்.

மழை விட்டதும் கொடிக்காலில் சோலி தொடங்கியது. ஆண்கள் வெற்றிலை கிள்ளிக் கொண்டுவந்து கொட்ட, வெளிக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவார்கள். சென்னியம்மாளும் அவர்களோடு உட்காருவாள். பக்கத்தில் அத்தாயி. இருபது வருஷமாக அந்தக் கொட்டகையில் கவுளி கட்டியவள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

ஒரு வாரம் போயிருக்கும். கரூரிலிருந்து வருகிற வெற்றிலை வியாபாரி இரண்டு கவுளியைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் எண்பத்தெட்டு, ஒன்றில் நூற்றுப் பதினொன்று.

"எங்க பொம்பளைங்களுக்கு எண்ணிக்கை தவறாதுங்களே" என்றார் வேலுமணி.

"கதையில புத்தி போனா எண்ணிக்கை எங்கீங்க நிக்கும்?" என்று வியாபாரி சிரித்தார். "அது கெடக்கட்டும். பொராணக்காரரே, குடையைக் கொண்டாந்து குடுத்துட்டீங்களா இல்லீங்களா?"

இவருக்கு விளங்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனார். தட்டிக்கு இந்தப் புறமே நின்றுவிட்டார். உள்ளே சென்னியம்மாளின் குரல்: "அப்பறம் அவிய கரண்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போறாங்க. உப்பு எது, சக்கரை எதுன்னு அவியளுக்குத் தெரியாது. ஆனாக் கமலவேணி வந்து எட்டிப் பார்த்தாப் போதும், அவிய மொகம் அப்படியே..."

கொட்டகையே சிரித்தது. யாரோ ஒருத்தி இருமிக்கொண்டே சிரித்தாள்.

அவிய. அவர் காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது. கதாநாயகன் பெயர் வேலுமணி. அந்தப் பெயரை அவளால் சொல்ல முடியாது. அதனால் கதை முழுக்க, தன் புருஷனைச் சொல்வது போலவே, 'அவிய வந்தாங்க, அவிய போனாங்க' என்று சொல்லி வந்திருக்கிறாள். குடையை மறந்தது அவிய. சுவர் ஏறிக் குதித்தது அவிய. கரண்டி பிடித்ததும் அவிய. ஊர் முழுக்கத் தன்னைத்தான் சென்னப்பட்டணத்து மைனர் என்று நினைத்துச் சிரிக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காது மடல் கொதித்தது. புரட்டாசியில் இதே ஜனங்களுக்கு முன்னால் எந்த முகத்தோடு புராணம் வாசிப்பது?

அன்று பகல் அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, இன்னைக்குத்தான அப்பங்காரரு வந்து அவியளக் கையும் களவுமாப் புடிக்கறாரு?"

"புடிக்கலை. கதை முடிஞ்சுது."

"முடிஞ்சுதுங்களா? இன்னும் அத்தனை தாள் கெடக்குதே."

அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. புத்தகத்தைப் படீரென்று மூடிவிட்டுச் சொன்னார். "வேலுமணி செத்துப்போயிட்டான். வெசக் காய்ச்சல்ல போயிட்டான். அவ்வளவுதான் கதை. இனிமே அதைப் பத்தி இந்த ஊட்டுல பேச்சு வேண்டாம்."

புராணம் படிக்கிறவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றினாள், பட்டப்பகலில். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதைக்குப் போய் இவ்வளவு துக்கமா என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு, ஒரே போடாகப் போட்டுக் குப்பையை ஒழித்தோம் என்று ஒரு திருப்தியும் பட்டார். புத்தகம் பரணில் ஏறியது.

அடுத்த கிருத்திகையிலிருந்து சென்னியம்மாள் விரதம் பிடித்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கபிலர்மலைக்கு நடந்து போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்தே வருவாள். மாதம் தவறியதில்லை. பொராணக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. 'கண்ட கதையும் கேட்கிறதை விட்டா புத்தி தானா சாமிகிட்டப் போகுது' என்று வீட்டுக்கு விருந்தாட வருகிற ஒறம்பரைகளிடமெல்லாம் சொன்னார். எட்டு வருஷம் சொன்னார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். அன்றைக்கும் கிளம்பினாள். "ஒடம்பு அனலாக் கொதிக்குதே" என்று ஒரு வார்த்தை சொன்னார். "போய்ட்டு வாரேனுங்க, போகாட்டி மனசு கேக்காதுங்க" என்றாள். பக்தியைத் தடுத்தால் பாவம் என்று விட்டுவிட்டார். திரும்பி வந்து படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்திரண்டு வயசு. பரமத்தியிலிருந்து வைத்தியர் வந்தார், குதிரை வண்டியில் டாக்டரும் வந்தார். விதி முடிந்தால் யார் வந்து என்ன?

அவள் போன பிறகுதான் வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் பேசாமலிருந்த வருஷங்களிலெல்லாம் அவள் பாத்திரத்தோடும் பசுவோடும் அடுப்போடும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது எல்லாம் ஊமையாகிவிட்டன.

அடுத்த வருஷம் கார்த்திகையில், வெற்றிலைக் கொடி படர்ந்த அகத்தி மரத்தில் சாய்த்த ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு மாதம் கட்டிலோடு கிடந்தார். பார்த்துக்கொள்ள வந்த மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று பரணிலிருந்த புத்தகத்தையெல்லாம் இறக்கித் தலைமாட்டில் வைத்தாள். புராணங்களுக்கு அடியில் அதுவும் இருந்தது. அட்டையின் ஒரு மூலையை எலி தின்றிருந்தது.

இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார். பதினாறாம் அத்தியாயத்தைப் பிரித்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், புத்தகம் அவருக்கு அப்போதும் பிடிக்கவில்லை. அந்த வேலுமணி ஒன்பது வார்த்தையில் சொல்ல வேண்டியதைத் தொண்ணூறு வார்த்தையில் சொல்கிறான். எதிர்பாராத சந்திப்புகள் திகட்டுகிற அளவுக்கு வருகின்றன. ஆனால் அப்பன்காரன் சமையல்கட்டுக்குள் வந்து பையனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற இடம் வந்தது. பையன் உண்மையை ஒப்புக்கொண்டு, "உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன்" என்கிறான். காது மந்தமான மனுஷன், "கட்டிக்கொள்ள ஆசையா? தாராளமாகக் கட்டிக்கொள்ளப்பா, நல்ல சமையல்காரனுக்கு வேட்டியில்லாமல் போகலாமா?" என்று நாலு முழ வேட்டியைக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

அந்த இடத்தில் பொராணக்காரர் நிறுத்தினார். தான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும், படித்துவிட்டு நிமிர்ந்து எதிரே பார்க்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கே அவள் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் நிமிர. அதுவரைக்கும் அவர் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இந்தத் தாள் அன்றைக்கே கையில்தான் இருந்தது. புரட்ட வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது.

மிச்ச அத்தியாயங்களையும் அப்படியே வாய்விட்டுப் படித்து முடித்தார். கடைசியில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் மழை. குடை இப்போதும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறான். எல்லாரும் நனைகிறார்கள். யாரும் சாகவில்லை. புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்துவிட்டு, அந்தக் கட்டுமஸ்தான மனிதர் அழுதார். பிடிக்காவிட்டால் என்ன? பிடிக்காத எத்தனை சோலியை இந்தக் கை செய்திருக்கிறது? இன்னும் ஏழு நாள் படித்திருந்தால் முடிந்திருக்கும்.

கால் தேறியதும் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவளுக்குத்தான் சொல்ல முடியாது; அவளோடு கதை கேட்டவர்களுக்காவது உண்மையான முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அத்தாயி மட்டும் கவுளி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தாயி, அப்போ நம்ம ஊட்டு அம்மா ஒரு குடைக் கதை சொல்லுச்சே."

"ஆமாங்க சாமி."

"அதுல அந்த வேலுமணி சாகலை. கல்யாணமாகி நல்லா இருக்கறான். செத்துட்டான்னு நான் சொன்னது பொய்."

அத்தாயி இலையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "தெரியுமுங்களே சாமி. அம்மா எங்க அவரைச் சாக உட்டாங்க?"

அவர் அப்படியே கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க கேட்டோமுங்க, அப்பறம் கதை என்னாச்சுன்னு. அவிய நல்லாத்தான் இருக்காங்க, கதை இன்னும் முடியிலேன்னாங்க. அப்பறம் அம்மாவே சேத்துச் சேத்துச் சொன்னாங்க. அவிய ரயிலேறிப் போனாங்க, அவிய கமலவேணிக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்தாங்க, பூவையும் வர்ற வழியில மறந்துட்டாங்கன்னு. எட்டு வருசமுங்க. வாரத்துக்கு ஒருக்காவாச்சும் சொல்லுவாங்க."

"ஊரே என்னையப் பாத்துச் சிரிச்சுதேன்னுதான் அன்னைக்கு நிறுத்தினேன்."

"உங்களையா?" அத்தாயி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க சாமி. உங்களுக்குக் குடை எங்கீங்க இருக்குது? மழை பேஞ்சா சாக்குக் கொங்காடையைத் தலையில மாட்டிக்கிட்டுத்தான போவீங்க. அது நீங்கன்னு இந்த ஊருல எந்தக் கூமுட்டை நெனைக்கும்? ஏவாரிகிட்ட நான்தான் வெளையாட்டுக்குச் சொன்னேன். பொஸ்தகக் கதைன்னு எல்லாருக்குந் தெரியும். அம்மா சொல்லச் சொல்ல அந்த மொகத்தைப் பாத்துத்தான் சிரிச்சோம்."

அவர் தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தாயி இன்னும் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. ஒரு கவுளியைக் கட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா என்றகிட்ட மட்டுஞ் சொல்லி அழுதாங்க. அவிய பேரைச் சொல்லி, அவிய வாயாலயே, செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டாங்க அத்தாயி, வெளக்கு வெச்ச ஊட்டுல அந்த வார்த்தை விழுந்திருச்சேன்னு. கதையை நான் முடிச்சாத்தான அது பலிக்கும், நான் முடிக்கமாட்டேன்னு சொன்னாங்க. முருகனுக்கும் அதுக்குத்தான் வேண்டிக்கிட்டாங்க. மாசா மாசம் பட்டினி கெடந்து நடந்தது அதுக்குத்தானுங்க."

அவர் தடியைத் தரையில் கிடத்தினார்.

"நானுஞ் சொன்னேனுங்க. இதென்ன பிரமாதம், கதையில பேரை மாத்திருங்க, சுந்தரம்னோ கோவாலுன்னோ வெச்சுக்கங்க, பயமும் போயிரும், நோம்பும் வேண்டியதில்லைன்னேன். மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"வேற பேரு வெச்சா அது அவியளா இருக்காதேடின்னாங்க."

சாப்பிடப் போன பெண்கள் வரப்பில் பேசிக்கொண்டே வருவது கேட்டது. அத்தாயி அடுத்த கவுளிக்கு இலையை எடுத்தாள். எட்டு வருஷம், மாதம் ஒரு கிருத்திகை, சென்னியம்மாளுக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் சமைத்து வைத்து, அவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுத்தான் போவாள். ஒரு கிருத்திகைகூட விடாமல் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்.